சுழலும் கூடையும் தொழிலாளியின் கையும்

வீட்டில் துணி துவைக்கும் எந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. துவைத்து முடித்ததும் உள்ளே இருக்கும் தொட்டி கிறுகிறுவென்று சுற்றும். நின்றபின் மூடியைத் திறந்து பார்த்தால் துணிகள் எல்லாம் தொட்டியின் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். தண்ணீர் மட்டும் துளைகள் வழியே வெளியே போயிருக்கும்.

பிறகு என்ன செய்கிறோம்? கையை விட்டுத் துணியை ஒவ்வொன்றாக உரித்து எடுக்கிறோம்.

வீட்டில் இது சின்ன வேலை. தொழிற்சாலையில் இதுவே பெரிய வேலை. அங்கே சுவரோடு ஒட்டிக் கிடப்பது துணி அல்ல. மருந்துத் தூள், சர்க்கரை, சாக்கடைச் சேறு, பாலில் இருந்த அழுக்கு. அதை யார் எடுப்பது? எப்படி எடுப்பது? சுற்றும்போதே எடுப்பதா, நிறுத்திவிட்டு எடுப்பதா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக எந்திரம் செய்கிறவர்கள் மூளையைக் கசக்கி வருகிறார்கள். ஏனென்றால், பிரிப்பது பாதி வேலைதான். பிரித்ததை வெளியே எடுப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியில்தான் தொழிலாளியின் கை இருக்கிறது.

எங்கெங்கே இருக்கிறது?

இந்த எந்திரத்துக்குச் 'சென்ட்ரிபியூஜ்' என்று பெயர். மையவிலக்கு எந்திரம் என்று பாடப் புத்தகத்தில் சொல்வார்கள்.

பெங்களூரைச் சுற்றி இது இல்லாத திசை இல்லை. ஓசூர் சாலையில் பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் போனால் மருந்துக்கு வேண்டிய மூலப்பொருள் செய்யும் ஆலைகளில் இருக்கிறது. பால் பண்ணைகளில் இருக்கிறது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் இருக்கிறது. மைசூர் போகும் ரயிலில் ஏறி மாண்டியா பக்கம் போனால் சர்க்கரை ஆலைகளில் இருக்கிறது. இங்கெல்லாம் வேலை பார்க்கிறவர்களில் தமிழ்த் தொழிலாளிகளும் உண்டு. கணக்கும் ஸ்டோர்ஸும் பார்க்கும் தமிழ் குமாஸ்தாக்களும் உண்டு.

ஒரு கிலோ, ஐந்நூறு கிலோ ஆகும்!

எந்திரம் எப்படிப் பிரிக்கிறது?

கலங்கிய தண்ணீரை ஒரு செம்பில் வைத்தால் மண் மெல்ல அடியில் தங்கும். பூமி இழுக்கிறது, கனமானது கீழே போகிறது. ஆனால் அதற்கு நேரம் ஆகும். நுண்ணிய தூளாக இருந்தால் ஒரு நாள் ஆனாலும் தெளியாது.

செம்பை வேகமாகச் சுழற்றினால், உள்ளே இருப்பது சுவரை நோக்கித் தள்ளப்படுகிறது. பூமியின் இழுப்பைவிட இந்தத் தள்ளல் பல நூறு மடங்கு அதிகம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு மீட்டர் அகலமுள்ள கூடை நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு கிலோ பொருள், சுவரைச் சுமார் 560 கிலோ எடையோடு அழுத்துகிறது. கூடையின் விளிம்பு ஓடும் வேகம் மணிக்குச் சுமார் 188 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து சென்னைக்குப் போகும் ரயில் எதுவும் அந்த வேகத்தில் ஓடுவதில்லை!

கூடைக்குள் சரக்கு ஒரே சீராகப் படியாமல், ஒரு பக்கம் மட்டும் இரண்டு கிலோ கூடுதலாகச் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு டன்னுக்கு மேற்பட்ட பலத்தோடு எந்திரம் உதைக்கப்படும். அதுவும் வினாடிக்குப் பதினாறு, பதினேழு முறை! எந்திரம் 'தடதட' என்று ஆடுவதற்கு இதுதான் காரணம். ஆடும் எந்திரத்தை உடனே நிறுத்தச் சொல்வதும் இதனால்தான்.

கூடை எந்திரம்

மருந்து ஆலைகளில் அதிகமாகக் காணப்படுவது கூடை எந்திரம். பக்கச் சுவர் முழுவதும் துளை போட்ட எவர்சில்வர் கூடை. அதன் உள்ளே வடிதுணியால் தைத்த பை.

ரியாக்டரில் வெந்து, ஆறி, படிகமான கலவையை மெதுவாகச் சுற்றும் கூடைக்குள் விடுகிறார்கள். பிறகு வேகத்தைக் கூட்டுகிறார்கள். திரவம் துணி வழியே வெளியேறிக் குழாயில் போகிறது. தொழிலாளிகள் அதை 'எம்.எல்.' என்கிறார்கள். துணியில் தங்கி நிற்கும் ஈரப் பொருளுக்குக் 'கேக்' என்று பெயர். பிறந்த நாள் கேக் அல்ல. இறுகிப் போன வெள்ளை மண் மாதிரி இருக்கும். அதன்மேல் சுத்தமான திரவம் தெளித்துக் கழுவி, மறுபடி சுற்றி உலர்த்துகிறார்கள்.

இதுவரை எல்லாவற்றையும் எந்திரமே செய்துவிடுகிறது. இனிமேல்தான் ஆள் வேண்டும்.

பழைய முறையில் எந்திரத்தை நிறுத்தி, மூடியைத் திறந்து, குனிந்து, கரண்டியால் கேக்கை வழித்து எடுக்க வேண்டும். எவர்சில்வர் கரண்டி கூடாது. உராய்ந்தால் துணி கிழியும், பொறியும் பறக்கலாம். ஒரு ஷிப்டில் சில நூறு கிலோ கூட இப்படி வழித்தெடுக்க வேண்டி வரும். முதுகு வலி ஒரு பக்கம். மருந்துத் தூளும் கரைப்பான் ஆவியும் முகத்தில் அடிப்பது இன்னொரு பக்கம்.

கரைப்பான் தீப்பற்றக் கூடியதாக இருந்தால், தீ வராமல் இருக்க எந்திரத்துக்குள் நைட்ரஜன் வாயுவை நிரப்புகிறார்கள். தீயை அடக்கும் அந்த வாயுவே மனிதனின் மூச்சையும் அடக்கும். நைட்ரஜனுக்கு வாசனை இல்லை. தலையை உள்ளே விட்டவருக்கு மயக்கம் வருவதற்குமுன் எச்சரிக்கை எதுவும் வராது.

சிரமத்தைக் குறைக்க ஒரு வழி கண்டார்கள். கேக்கோடு சேர்த்துப் பையையே சங்கிலி மாட்டி மேலே தூக்கிவிடுவது. கிரேன் தூக்கும், ஆள் குனிய வேண்டாம். கீழே அவிழ்த்துக் கொட்டினால் போதும்.

கத்தி வந்தது

அடுத்த படியில் கையின் இடத்துக்குக் கத்தி வந்தது.

இந்த எந்திரத்தில் கூடையின் அடியில் திறப்பு இருக்கும். கேக் உலர்ந்ததும் வேகம் குறைகிறது. கூடை ஆடி அசைந்து மெதுவாகச் சுற்றும்போது, ஏர் கலப்பையின் கொழு போன்ற ஒரு கத்தி பக்கவாட்டில் நகர்ந்து கேக்கைச் சீவுகிறது. சீவப்பட்டது அடித் திறப்பு வழியே கீழே விழுகிறது. மூடியைத் திறக்க வேண்டியதில்லை.

ஆனால் கத்தி துணி வரை போக முடியாது. போனால் துணி கிழியும். ஆகவே துணிமேல் சில மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு படலம் எப்போதும் மிஞ்சும். நாளாக ஆக அது இறுகித் துளைகளை அடைக்கும். அடுத்த தடவை திரவம் சரியாக வடியாது. காற்றை ஊதியோ, திரவத்தில் கரைத்தோ அதை எடுக்க வேண்டும். கத்தி கையை வெளியே அனுப்பியது உண்மை. ஆனால் முழுதாக அனுப்பவில்லை.

மாண்டியா சர்க்கரை

சர்க்கரை ஆலைக்கு இவ்வளவு மெதுவான வேலை கட்டுப்படி ஆகாது.

மாண்டியாவில் மைசூர் சர்க்கரை ஆலை 1933-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. காவிரிப் பாசனத்தில் விளைந்த கரும்பை நம்பி வந்த ஆலை அது. எந்தச் சர்க்கரை ஆலையிலும் சாறு காய்ந்து பாகாகி, கடைசியில் படிகமும் கழிவுப்பாகும் கலந்த கறுப்புக் கூழாக நிற்கும். அந்தக் கூழை வெள்ளைச் சர்க்கரையாக்குவது சென்ட்ரிபியூஜ்தான்.

சர்க்கரைத் தொழிலுக்கு இது வந்தது 19-ம் நூற்றாண்டின் நடுவில். ஹவாய் தீவில் டேவிட் வெஸ்டன் என்பவர் கூடையை மேலிருந்து தொங்கவிட்டுச் சுற்றும் எந்திரத்தைச் செய்தார். தொங்கும் கூடை, பாரம் சற்று ஒரு பக்கம் சாய்ந்தாலும் தானே நிலைப்படும். அந்தக் காலத்தில் சர்க்கரையைக் கையால்தான் வழித்துத் தள்ளினார்கள்.

இன்றைய எந்திரத்தில் கூழ் நிரம்புவது, சுற்றுவது, வெந்நீர் தெளிப்பது, வேகம் குறைவது, கத்தி இறங்குவது, சர்க்கரை கீழே கொட்டுவது எல்லாம் சுமார் மூன்று நிமிடத்தில் முடிந்து, அடுத்த சுற்று தானாகத் தொடங்கிவிடும்.

கத்தியே இல்லாத எந்திரமும் உண்டு. அதன் கூடை புனல் வடிவத்தில் மேலே அகன்றிருக்கும். கூழை அடியில் விட்டால், சுழலும் வேகத்திலேயே படிகங்கள் சரிவில் ஏறி, விளிம்பைத் தாண்டி வெளியே பறந்துவிடும். நிறுத்தவே வேண்டாம். ஆனால் பறக்கும் படிகம் சுவரில் மோதி உடையும். ஆகவே, மறுபடியும் கரைக்கப் போகிற மட்டமான சர்க்கரைக்குத்தான் பெரும்பாலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். கடைக்கு வரும் பருமனான சர்க்கரைக்குக் கத்தி எந்திரமே கதி.

பால் பண்ணையில் ஒரு 'டப்' சத்தம்

பெங்களூரில் 1965-ம் ஆண்டு பால் பண்ணை தொடங்கியது. ஓசூர் சாலையில் இன்றும் பஸ் கண்டக்டர்கள் கூவும் 'டெய்ரி சர்க்கிள்' என்ற பெயர் அதனால் வந்ததுதான்.

பாலிலிருந்து கிரீமைப் பிரிக்கும் எந்திரத்தை 1878-ம் ஆண்டு சுவீடன் நாட்டின் குஸ்தாவ் டி லாவல் உருவாக்கினார். பின்னர் அதன் உள்ளே கூம்பு வடிவத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். தட்டுகளின் இடைவெளி மிகக் குறுகலானது. ஆகவே துகள் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை, நொடியில் பிரிந்துவிடும்.

கிரீம் ஒரு வழி போகும். கொழுப்பு நீங்கிய பால் ஒரு வழி போகும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. பாலோடு வந்த தூசு, மாட்டின் மடியிலிருந்து உதிர்ந்த செல்கள், கிருமிகள் எல்லாம் சேர்ந்து கிண்ணத்தின் ஓரத்தில் வழவழவென்று சேறாகப் படியும்.

பழைய எந்திரத்தில் இந்தச் சேற்றுக்கு வெளியே போக வழி இல்லை. கிண்ணம் நிறைந்ததும் நிறுத்த வேண்டும். தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவி, அதே வரிசையில் அடுக்கி, முடுக்க வேண்டும். வரிசை தப்பினால் சமநிலை தப்பும்.

பிறகு வந்த எந்திரத்தில் கிண்ணத்தின் அடிப்பாகம் தண்ணீர் அழுத்தத்தில் மேலும் கீழும் நகரும்படி செய்தார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் அது ஒரு வினாடிக்கும் குறைவான நேரம் கீழே இறங்கி ஏறுகிறது. அந்தக் கண நேரத்தில் ஓரத் துளைகள் திறந்து, சேறு பீறிட்டு வெளியே அடிக்கிறது. 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும்; அவ்வளவுதான். பால் ஓட்டம் நிற்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் மானியைப் பார்க்கிறாரே தவிர, எதையும் தொடுவதில்லை.

சாக்கடைச் சேறு

பெங்களூரின் கழிவுநீர் ஒரு பகுதி சுத்திகரிக்கப்பட்டு, 2018-ம் ஆண்டு முதல் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குக் குழாயில் போகிறது. தங்கவயல் தமிழர்களுக்கு அந்த வறண்ட பூமியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் தெளிந்து போய்விட்டது. அடியில் தங்கிய சேறு?

அந்தச் சேற்றில் நூற்றுக்கு 98 பங்கு தண்ணீர் இருக்கலாம். 100 டன் சேற்றில் கெட்டிப் பொருள் 2 டன்தான். அப்படியே லாரியில் ஏற்றினால், தண்ணீருக்கு வாடகை கொடுக்கிற கதைதான். நூற்றுக்கு 20 பங்கு கெட்டியாகும்வரை பிழிந்துவிட்டால் 100 டன் 10 டன் ஆகிவிடும். பத்து லாரி போக வேண்டிய இடத்தில் ஒரு லாரி போதும்.

இதைச் செய்வது 'டிகேண்டர்' என்னும் படுக்கைவாட்டு சென்ட்ரிபியூஜ். நீண்ட உருளை; உள்ளே ஒரு திருகு. உருளையும் திருகும் ஒரே திசையில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றுகின்றன. ஆனால் இரண்டுக்கும் சில சுற்றுகள் மட்டும் வித்தியாசம். அந்தச் சிறிய வித்தியாசத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது! உருளையோடு சேர்ந்து ஓடும் சேற்றை, திருகு மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போய், குறுகிய முனையில் வெளியே கொட்டுகிறது. தெளிந்த நீர் மறுமுனையில் வழிகிறது.

வித்தியாசத்தைக் கூட்டினால் சேறு சீக்கிரம் வெளியே வரும். ஆனால் ஈரமாக வரும். குறைத்தால் நன்றாக இறுகி வரும். ஆனால் திருகுக்குச் சுமை ஏறும். அளவு தப்பினால் உள்ளே கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும். நல்ல ஆபரேட்டருக்கு அந்த அளவு கைவந்த கலை. நிறுத்துமுன் தண்ணீர் விட்டுக் கழுவவும் அவர் மறக்க மாட்டார். உள்ளே மிஞ்சிய சேறு ஒரு பக்கம் தங்கிக் காய்ந்துவிட்டால், மறுநாள் காலையில் எந்திரம் உதறும்.

மனிதர்கள் இறங்கிச் சேறு வாருவதை ஒழிக்க 2013-ம் ஆண்டு சட்டம் வந்தது. சட்டம் சொன்னதை நடைமுறையில் செய்து காட்டுவது இது போன்ற எந்திரங்கள்தான்.

ஏன் இன்னும் கை?

இவ்வளவு வழி இருக்கும்போது, மருந்து ஆலைகளில் கரண்டி ஏன் இன்னும் போகவில்லை?

காரணம் இருக்கிறது. பாலும் சேறும் இடைவிடாமல் வரும் சரக்கு. மருந்து அப்படி அல்ல. இன்று ஒன்று, நாளை வேறொன்று. ஒரு மருந்தின் துளி அடுத்த மருந்தில் கலக்கக் கூடாது. முழுதும் கழுவ வேண்டும். சில படிகங்கள் கத்தி பட்டால் நொறுங்கும். கூடை எந்திரமோ விலை குறைவு, கழுவவும் எளிது. ஆகவே அது நீடிக்கிறது. அது நீடிக்கும்வரை கையும் அங்கே இருக்கும்.

ஆகவே கைக்குக் காவல் வேண்டும்.

முதல் காவல், மூடியின் பூட்டு. கூடை முழுதும் நின்றால்தான் மூடி திறக்கும்படி பூட்டு அமைத்திருப்பார்கள். மின்சாரத்தை நிறுத்தினாலும், பிரேக் சரியில்லாத கனமான கூடை பல நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கும். வழவழப்பான கூடை சுற்றுவது கண்ணுக்குத் தெரியாது. பழைய டியூப் லைட் வெளிச்சத்தில் வேகமாகச் சுற்றுவது நின்றுவிட்டது போலவே தோன்றுவதும் உண்டு. ஏனென்றால் அந்த விளக்கு வினாடிக்கு நூறு முறை மினுக்குகிறது. கண்ணை நம்பக் கூடாது. பூட்டைத்தான் நம்ப வேண்டும்.

அந்தப் பூட்டின் சுவிட்சைக் கம்பி போட்டு இணைத்துவிட்டு, "சீக்கிரம் ஆகட்டும்" என்று வேலை வாங்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. மிச்சமாவது சில நிமிடங்கள். போனால் திரும்ப வராதது விரலும் கையும்.

இரண்டாவது காவல், வேகம். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 30-வது பிரிவில், மின்சாரத்தால் சுழலும் பாத்திரம், கூண்டு, கூடை ஆகியவற்றின் விளிம்பு வேகம் பாதுகாப்பான அளவைத் தாண்டக் கூடாது என்று எழுதி வைத்தது. கூடையைப் பெயர் சொல்லியே எழுதினார்கள்! வேகத்தை நூற்றுக்கு 20 கூட்டினால் கூடையின் மேல் ஏறும் பலம் நூற்றுக்கு 44 கூடுகிறது. அமிலம் அரித்து மெலிந்த கூடையாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது காவல், வாயில்லாத பலகை. எச்சரிக்கை கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். படிக்கத் தெரியாதவர் பக்கத்தில் இருக்கும் கன்னட நண்பரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கம் இல்லை. 'அபாய' என்பது நமக்கும் புரிகிற சொல். 'நில்லிசி' என்றால் நிறுத்துங்கள் என்று பொருள். இந்த இரண்டு சொல் போதும், ஒரு கையைக் காப்பாற்ற.

குமாஸ்தாவுக்கும் இதில் பங்கு உண்டு. பூட்டு சுவிட்ச், பிரேக் கட்டை, வடிதுணி வேண்டும் என்று ஆலையிலிருந்து வரும் சீட்டு அவர் மேஜைக்குத்தான் வருகிறது. "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று அது கோப்பில் தூங்கினால், ஆலையில் அந்த மாதம் முழுவதும் எந்திரம் கம்பியில் ஓடும்.

ஷிப்டு முடிந்து பஸ் ஏறும்போது தொழிலாளி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறுகிறார். எந்திரம் இன்று எத்தனை கிலோ பிரித்தது என்பது கணக்குப் புத்தகத்தில் இருக்கும். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு வேண்டிய கணக்கு அந்த இரண்டு கைகள்தான்.